சாம்பியன் வந்துவிட்டார், மல்லுக்கட்ட ஆள் எங்கே?

சிங்கப்பூரில் எழுபது வயதைத் தாண்டிய தமிழர் யாரிடமாவது மல்யுத்தம் என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். கிங் காங், தாரா சிங் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களில் காசு கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் பார்த்த காலம் அது. பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் பிழைப்பு தேடி வந்த தாரா சிங், குஸ்தியைத் தொழிலாக எடுத்துக்கொண்டது இந்த ஊரில்தான். ஹங்கேரியில் பிறந்த கிங் காங் 1970இல் கண்ணை மூடியதும் இங்கேதான். அந்தக் கதைகளைக் கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அது காட்சிக்காக நடந்த மல்யுத்தம். யார் ஜெயிப்பார் என்பது பல நேரம் முன்பே பேசி முடித்த விஷயம். ஒலிம்பிக்கில் நடப்பது வேறு.

அந்த ஒலிம்பிக் மல்யுத்தத்தில் மிகப் பெரிய பெயர் எடுத்த ஒருவர், பின்னாளில் சிங்கப்பூர் தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். செர்கெய் பெலோகிளாசோவ். ஃப்ரீஸ்டைல் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஆறு உலகப் பட்டம். தாரா சிங்கைத் தெரிந்த நம்மவர்களில் பத்தில் ஒருவருக்காவது இவரைத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட ஆள் கையில் இருந்தும் சிங்கப்பூர் ஏன் மல்யுத்தத்தில் பெரிய பதக்கம் எதையும் அள்ளவில்லை? கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், பதில் அங்கேயே கிடக்கிறது.

1956 செப்டம்பர் 16, கலினின்கிராத். ஒரே நாளில் பிறந்த இரட்டையர்கள் செர்கெய், அனத்தோலி. இருவரும் மல்யுத்தத்துக்கு வந்தார்கள், கியவ் நகரில் பழகிப் பெரிய ஆளானார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு எடைப் பிரிவில் ஒருவருக்குத்தான் இடம். ஒரே உடல்வாகு கொண்ட அண்ணன் தம்பி என்ன செய்வார்கள்? எடையைப் பிரித்துக்கொண்டார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அனத்தோலி 52 கிலோவில் இறங்கினார், செர்கெய் 57 கிலோவில். இருவரும் தங்கம். 1982இல் கனடாவின் எட்மன்டனில் நடந்த உலகப் போட்டிக்கு அனத்தோலி 57க்கு ஏறினார், செர்கெய் 62க்கு நகர்ந்தார். அங்கேயும் இரண்டு தங்கம்.

இதை வெறும் சுவாரசியமான தகவலாகக் கடந்துவிடக் கூடாது. மல்யுத்தத்தில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சொத்து, தன் எடைக்குப் பக்கத்திலேயே, தன்னைவிடக் குறையாத திறமையோடு, தினமும் எதிரே நிற்கும் ஆள். செர்கெய்க்கு அந்த ஆள் பிறக்கும்போதே கூட வந்துவிட்டார். அதற்கு வெளியே சோவியத் அணி இருந்தது. மாஸ்கோவில் ஃப்ரீஸ்டைலில் மொத்தம் 10 தங்கம், அதில் 7 சோவியத் ஒன்றியத்துக்கு. அமெரிக்காவும் ஜப்பானும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அப்படி ஓர் அணிக்குள் இடம் பிடிப்பதே ஒரு உலகப் போட்டிக்குச் சமம்.

புறக்கணிப்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 57 கிலோவில் 1978, 1979 என இரண்டு முறை உலக சாம்பியன் ஜப்பானின் ஹிதெயாகி தொமியாமா. ஜப்பான் மாஸ்கோவுக்குப் போகாததால் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார், பெலோகிளாசோவ் தங்கம் வாங்கினார். நான்கு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸ். இந்த முறை சோவியத் போகவில்லை. 1981, 1982, 1983 என மூன்று உலகப் பட்டங்களைக் கையில் வைத்திருந்த பெலோகிளாசோவ் வீட்டில் உட்கார்ந்தார், தொமியாமா தங்கம் வாங்கினார். ஒரே எடையில் அந்தக் காலத்தின் இரண்டு பெரிய மல்லர்கள், இரண்டு ஒலிம்பிக், ஒன்றில்கூட நேருக்கு நேர் நிற்கவில்லை. அரசியல் விளையாட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நறுக்கென்று ஓர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பலர் அந்த ஏமாற்றத்தோடு ஒதுங்கிவிட்டார்கள். பெலோகிளாசோவ் ஒதுங்கவில்லை. 1985, 1986 இரண்டும் புடாபெஸ்டில், 1987 பிரான்சின் கிளெர்மோன் ஃபெராண்டில் என்று மறுபடியும் மூன்று உலகப் பட்டம். அந்தக் கடைசிப் போட்டியில் அவருக்கு அடுத்து வந்தவர் அமெரிக்காவின் பாரி டேவிஸ், லாஸ் ஏஞ்சலிஸில் தொமியாமாவுக்கு அடுத்து வெள்ளி வாங்கியவர். 1988 சோலில், 32 வயதில், ஈரானின் அஸ்காரி முகமதியானைத் தோற்கடித்து இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே எட்டு ஆண்டு. குறைந்த எடைப் பிரிவில் அந்த வயதில் அது லேசான காரியம் இல்லை. அங்கே வேகம்தான் முதலில் போகும்.

இந்த 57 கிலோ நமக்கும் கொஞ்சம் வேண்டிய எடைதான். 1952 ஹெல்சிங்கியில் இந்தியாவின் கே. டி. ஜாதவ் வெண்கலம் வாங்கியது, தோக்கியோவில் ரவி தஹியா வெள்ளி வாங்கியது, பாரிஸில் அமன் செராவத் வெண்கலம் வாங்கியது எல்லாம் இதே 57 கிலோ ஃப்ரீஸ்டைலில்தான்.

சரி, ஃப்ரீஸ்டைல் என்றால் என்ன? கிரேக்க-ரோமன் பாணியில் இடுப்புக்குக் கீழே தொடக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலையும் பிடிக்கலாம். இன்றைய விதிப்படி மூன்று நிமிடம், 30 விநாடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். எதிராளியின் இரண்டு தோளும் மெத்தையில் அழுந்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. 10 புள்ளி வித்தியாசம் வந்தாலும் முடிந்தது. மெத்தை 12 மீட்டருக்கு 12 மீட்டர், அதற்குள் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் ஒரு புள்ளி எதிராளிக்கு.

விதி இவ்வளவுதான். கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு பிடியை வைத்துப் பார்க்கலாம். எதிராளியின் ஒரு காலைப் பிடித்து விழத்தட்டுவது, ஆகச் சாதாரணமான தாக்குதல். முதலில் கையில்தான் ஆரம்பிக்கும். அவர் மணிக்கட்டைப் பிடித்து லேசாக இழுத்து, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிடரியில் கை வைத்து ஓர் அழுத்து. அவர் தன்னையறியாமல் தலையைத் தூக்குவார். தூக்கும் அந்த நொடியில் முன்கால் லேசாகும். அப்போது இடுப்பைத் தாழ்த்தி உள்ளே புகுந்து, அவர் முழங்காலுக்குப் பின்னால் கைகளைப் பூட்டி, தலையை அவர் விலாவோடு ஒட்டிவைக்க வேண்டும். தலை தொங்கினால் கழுத்து அவர் பிடிக்குள் போய்விடும். அவர் மட்டும் சும்மா இருப்பாரா? கால்களைப் பின்னால் உதறி, இடுப்பின் மொத்தப் பாரத்தையும் நம் தோளில் இறக்குவார். அங்கே தயங்கி நின்றால் கதை முடிந்தது. பிடித்த காலை விடாமல் பக்கவாட்டில் சுழன்று முதுகுப் பக்கம் போக வேண்டும், அல்லது கையை மாற்றி மறுகாலுக்குத் தாவ வேண்டும். விழத்தட்டினால் 2 புள்ளி. அதோடு மூச்சு வாங்க உட்காரக் கூடாது. விழுந்தவர் நிலைகொள்வதற்குள் இடுப்பைக் கட்டிப் புரட்டி முதுகை மெத்தைக்குக் காட்டினால் இன்னொரு 2.

ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி இல்லாமல் போகும் இந்தத் தொடர்ச்சிதான் பெலோகிளாசோவின் அடையாளம். மல்யுத்தக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது பலத்தைவிட இதைத்தான் முதலில் சொல்வார்கள். கவனியுங்கள், மேலே சொன்ன வரிசையில் ஒரு அசைவைக்கூடத் தனியாகப் பழக முடியாது. ஓட்டக்காரர் தனியே ஓடலாம். நீச்சல்காரர் தண்ணீரோடு தனியே போராடலாம். மல்லருக்கு எதிரே இன்னொரு உடம்பு வேண்டும். சும்மா நிற்கும் உடம்பு போதாது. இழுத்தால் எதிர்த்து இழுக்கிற, கிட்டத்தட்ட அதே எடையுள்ள, அதே அளவு கற்றுக்கொண்ட உடம்பு வேண்டும். அப்படி ஐந்தாறு பேர் வேண்டும், ஒருவரிடமே பழகினால் அவருடைய வழக்கம் மட்டும்தான் கைவரும்.

சாம்பியன்கள் பயிற்றுவிப்பாளரான கதைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அமெரிக்காவின் டேன் கேபல் 1972 மியூனிக்கில் ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர். பிறகு அயோவா பல்கலைக்கழகத்துக்கு 15 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1988, 1992 ஒலிம்பிக்குகளில் வென்ற ஜான் ஸ்மித் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தார், ஐந்து பட்டம். பாரி டேவிஸ் விஸ்கான்சினில் கால் நூற்றாண்டு. தொமியாமா ஜப்பானிய மல்யுத்தத்தைப் பயிற்றுவித்து, பின்னர் அந்நாட்டுச் சம்மேளனத்தின் தலைவராகவே ஆனார். டேவிஸ், தொமியாமா, பெலோகிளாசோவ் என்று ஒரே எடையில் இருந்த மூன்று பேரும் கடைசியில் பயிற்றுவிப்பாளர்களாக வந்து நின்றது ஒரு வேடிக்கை. பெலோகிளாசோவும் அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்தத்தில் வேலை பார்த்தவர்தான்.

கேபல் பெரிய ஆள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் போய் நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். அயோவாவில் பள்ளிக்கூடத்திலிருந்தே மல்யுத்தம் பழகிய பையன்கள் வரிசையில் நின்றார்கள். அவர் கதவைத் திறந்ததும் எல்லா எடையிலும் ஆள் இருந்தது. இந்தியாவில் தில்லியின் சத்ரசால் ஸ்டேடியமும் அதே கதை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற சத்பால் சிங் அங்கே குருவாக உட்கார்ந்தார். சுஷில் குமார், யோகேஷ்வர் தத், ரவி தஹியா, அமன் செராவத் என்று ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் ஒரே கூரையின் கீழிருந்து வந்தார்கள். நேற்று ஜெயித்தவனை இன்று காலையில் பிடித்துப் பார்க்கலாம் என்றால் பின்னால் வருகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு மகாவீர் சிங் போகட் உதாரணம். ஹரியானா கிராமத்தில் பெண்கள் மல்யுத்தம் செய்த வழக்கம் இல்லை, மகள்களோடு மோதப் பெண்கள் கிடைக்கவில்லை. பையன்களோடு மோதவிட்டார். மூத்த மகள் கீதா 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம்.

ஆண்களுக்கான உலகப் போட்டியில் ஃப்ரீஸ்டைலில் மட்டும் 10 எடைப் பிரிவு. ஓர் எடைக்கு நாலு நல்ல ஆள் வேண்டும் என்று வைத்தாலே 40 பேர், அதுவும் தினமும் வருகிறவர்கள். பள்ளி நேரம் முடிந்து, துணைப்பாட வகுப்பு முடிந்து, எம்ஆர்டி பிடித்து வருகிற பிள்ளைகளை வைத்து அப்படி ஒரு கூட்டத்தைச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் 18 வயதில் தேசிய சேவை, இரண்டு ஆண்டு. அது நாட்டுக்கான கடமை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மல்யுத்தக் கணக்கில் பாருங்கள். ஒரு பையன் போனால் அவனுடைய பயிற்சி மட்டும் நிற்பதில்லை, அவனோடு ஜோடி போட்டவனுக்கும் ஆள் இல்லாமல் போகிறது. சின்ன குழுவில் மூன்று பேர் ஒரே ஆண்டில் சேவைக்குப் போனால் ஒரு எடைப் பிரிவே காலி.

இன்னொரு தொல்லை, பலரும் கவனிக்காதது. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் எந்த விளையாட்டு இடம்பெறும் என்பதில் ஏற்று நடத்தும் நாட்டின் விருப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மல்யுத்தம் 2013இல் மியன்மாரில் இருந்தது. 2015இல் நம் ஊரிலேயே போட்டி நடந்தபோது இல்லை. 2017 கோலாலம்பூரிலும் இல்லை. 2019 பிலிப்பீன்ஸில் திரும்பி வந்தது. வட்டார அளவில் பதக்கம் வாங்கக்கூடிய ஒருவருக்கு ஆறு ஆண்டு மேடையே கிடையாது என்றால், பெற்றோரும் சரி, பண ஆதரவு தருகிறவர்களும் சரி, எதை நம்பிக் கூட நிற்பார்கள்? அதே 2013இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் நிர்வாகக் குழு மல்யுத்தத்தை ஒலிம்பிக்கிலிருந்தே தூக்கப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் புவனோஸ் அயர்ஸில் நடந்த வாக்கெடுப்பில்தான் தப்பியது.

இதே ஊரில் வெற்றி பெற்ற இரண்டு கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2016 ரியோவில் நூறு மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் தங்கம் வென்ற ஜோசஃப் ஸ்கூலிங், பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர். அங்கே பள்ளிக் காலத்தில் அவரைப் பயிற்றுவித்தவர் ஸ்பெயினின் செர்ஹியோ லோபஸ். லோபஸும் ஒலிம்பிக் பதக்கக்காரர், அதே 1988 சோலில் வெண்கலம் வென்றவர். பிற்பாடு அவரே சிங்கப்பூர் நீச்சல் அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகவும் வந்தார். பயிற்றுவிப்பாளர் இங்கே வரும் முன்பே நம் பையன் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டான் என்பதுதான் அதில் முக்கியம். அதற்காகக் குடும்பம் செலவழித்தது, தேசிய சேவைக்கும் ஒத்திவைப்பு கிடைத்தது. எல்லாருக்கும் அந்த வசதி வாய்க்காது.

சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை எதிர்த் திசையில் போன கதை. 1990, 1994இல் உலக சாம்பியனான ஷேக் அலாவுதீன் பயிற்றுவிப்பாளராகி, சிங்கப்பூர் சிலாட் சம்மேளனத்தை நடத்தினார். அவர் மகன்கள் ஷேக் ஃபர்ஹான், ஷேக் ஃபெர்டோஸ் இருவரும் உலக சாம்பியன்கள். சாம்பியன் அப்பா என்பது ஒரு காரணம்தான். சிலாட்டுக்கு இங்கே வீட்டு வாசலிலேயே ஆள் இருந்தது. மலாய்ச் சமூகத்தில் அது தலைமுறை தலைமுறையாக வருவது, பழகுகிற குழுக்கள் ஊரெங்கும் உண்டு. கூடவே ஒரே வீட்டில் இரண்டு சகோதரர்கள் வேறு. பெலோகிளாசோவ் இரட்டையர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்கும் கிடைத்தது.

அப்படியென்றால் பெரிய சாம்பியனைக் கூட்டிவந்தது வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். பயிற்றுவிப்பாளரால் கொண்டுவர முடிந்தது, முடியாதது என்று இரண்டு உண்டு. நிற்கும் நிலை, கைப்பிடிச் சண்டை, ஒரு தாக்குதல் தடுக்கப்பட்டால் அடுத்து எங்கே போவது, கழுத்து முறியாமல் எப்படி விழுவது, இதையெல்லாம் முதல் நாளிலிருந்தே சரியாகச் சொல்லிக்கொடுக்கலாம். தப்பாகப் பழகியதை மூன்று ஆண்டு கழித்துத் திருத்துவது பெரும்பாடு. உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளர்கள் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு போகலாம். உலகத் தரம் என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லவும் அப்படிப்பட்ட ஒருவரால்தான் முடியும். கியவில் தன்னை உருவாக்கிய அந்தக் கூட்டத்தை மட்டும் அவரால் பெட்டியில் கட்டி எடுத்துவர முடியாது. மெடல் கணக்கை மட்டும் வைத்து அவருடைய சிங்கப்பூர் காலத்தை எடைபோடுவது, என்னைக் கேட்டால், அநியாயம்.

நல்ல மல்யுத்தத்தைப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஊருக்கு இல்லாமலும் போகவில்லை. 2010இல் முதல் இளையர் ஒலிம்பிக் இங்கே நடந்தபோது சன்டெக் மாநாட்டு மையத்தில் மெத்தை விரித்தார்கள். இந்தியாவின் பூஜா தாண்டா வெள்ளி வாங்கினார், சத்யவர்த் காதியன் வெண்கலம் வாங்கினார். பூஜா 2018 உலகப் போட்டியில் வெண்கலம்வரை போனார். 2016இல் காமன்வெல்த் மல்யுத்தப் போட்டி இங்கே நடந்தது. 48 கிலோவில் தங்கம் வென்றவர் ரிது போகட், மகாவீரின் இன்னொரு மகள். 2019இல் அவர் மறுபடி சிங்கப்பூருக்கு வந்தார், இந்த முறை கலப்புத் தற்காப்புக் கலை வீராங்கனையாக, இங்குள்ள ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து பழக.

அந்தக் கடைசித் தகவலில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. கடந்த பதினைந்து இருபது ஆண்டில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு, கலப்புத் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடங்கள் நகரமெங்கும் முளைத்துவிட்டன. அலுவலகம் முடிந்து வருகிற பெரியவர்கள், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், சேவை முடித்த இளைஞர்கள் எல்லாரும் அங்கே ஒருவரையொருவர் பிடித்துப் புரள்கிறார்கள். பலர் மல்யுத்தப் பிடிகளையும் தனியாகக் கற்கிறார்கள். தேசிய அணிக்குத் தட்டுப்பாடாக இருக்கிற எதிரே நிற்கும் உடம்பு, பணம் கட்டிக்கொண்டு அங்கே வந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் வாரத்தில் ஒரு மாலை ஒன்றாகப் பழகினால்கூட, இளம் மல்லர் ஒருவருக்குக் கிடைக்கும் ஆள் எண்ணிக்கை இரட்டிப்பாகும். விதிகள் வேறு என்பது உண்மைதான், ஆனால் நின்றபடி பிடிப்பதும் விழத்தட்டுவதும் இருவருக்கும் பொது.

பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கு ஒரு யோசனை. பயிற்றுவிப்பாளர் எத்தனை பதக்கம் வாங்கியவர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு மாலை போய் ஓரமாக உட்கார்ந்து, உங்கள் பிள்ளையின் எடைக்கு இரண்டு மூன்று கிலோ கூடக்குறைய எத்தனை பேர் மெத்தையில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஜோடிகளை மாற்றி மாற்றி விடுகிறார்களா, தினமும் அதே இருவரா என்று பாருங்கள். வளர்கிற வயதில் எடை குறைக்கச் சொன்னால் உடனே எதிர்க் கேள்வி கேளுங்கள். காதுக் காப்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அடிபட்டு ரத்தம் கட்டிய காதைக் கவனிக்காமல் விட்டால் வீக்கம் அப்படியே இறுகிவிடும். மூத்த மல்லர்கள் பலருக்குக் காது மடல் காலிஃபிளவர் போல இருப்பது அதனால்தான்.